எருமை இறங்கும் துறை

மகன்,

எல்லோர் முன்னிலையிலும் வாங்கிய வாக்கை எல்லோர் முன்னிலையிலும்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் கையில் தராமல் கல்லூரி ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். "டீச்சர், கண்டல் வாரத்தைப் பற்றி வழக்கம்போல ஒரு அறிக்கை எழுதித் தாங்க" என்று மலர்க்குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். அறிக்கை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நீ வந்து நின்றுகொண்டாய். இனி என்ன செய்ய, உனக்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் இருப்பது மைதானத்துக்குப் பின்னால், கண்டல் காட்டுக்குள் போகிற மரப்பாலத்தின் முனையில். கல்லூரிக்கு விடுமுறை. காலை வெயில் இலைகளுக்குள்ளால் இறங்கித் தண்ணீரில் கிடந்து ஆடுகிறது. காற்றில்லை. வாவி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. இந்த நேரத்தில் எதிர்க்கரையை நிலமென்றே சொல்ல முடியாது. யாரோ ஈரத்துணியால் பாதி துடைத்துவிட்ட பச்சைக் கோடு மாதிரி இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள்தான் எங்கேயோ இன்றைக்கு நீ இருக்கிறாய். கலியாண வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், மாப்பிள்ளையும் பிரஷ் பிடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இங்கே நம் வீட்டு விறாந்தைச் சுவருக்கு ஒரு பூச்சுப் பூசென்று எத்தனை வருஷமாகச் சொன்னேன்! சரி, போகட்டும்.

வைகாசியில் கலியாணம் முடிந்து நீ அந்தக் கரைக்கே போய்விடுவாய். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடும் வளவும் பெண்ணுக்கு; ஆண்பிள்ளை பெண் எடுத்த வீட்டுக்குப் போகவேண்டியவன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பிறந்த நீ மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட, வயலும் எருமைப்பட்டியும் உள்ள வீட்டுக்கு மருமகனாகப் போகிறாய். தொட்டிலில் கிடந்த நாளிலேயே தெரிந்த கதைதான். தெரிந்திருந்தால் நோகாது என்று யார் சொன்னது? நோகத்தான் செய்கிறது. அந்த நோவில்தான் கண்டல் வாரத்தின் கடைசி நாளில், மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு உன்னிடம் அந்த வாக்கைக் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீ சின்னவனாக இருந்தபோது இந்தப் பாலம் இல்லை. சுனாமியாய்க் கடல் வந்துபோன பிறகு, கல்லூரிக்குப் பின்னால் இருந்த சேற்றுக்காட்டை மண்போட்டு நிரப்பவேண்டாம், அப்படியே காப்பாற்றுவோம் என்று கல்லூரியின் அப்போதைய அதிபரிடம் நான் கெஞ்சிக்கூத்தாடி வாங்கிய காடு இது. உன்னை வீட்டில் விட ஆளில்லாததால் தோளில் தூக்கிக்கொண்டு வருவேன். கண்டல் மரத்தின் வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து வளைந்து இறங்குவதைப் பார்த்து நீ அவற்றைக் கால்கள் என்றுதான் நினைத்தாய். "அம்மா, இந்த மரம் எங்க போகுது?" என்று கேட்டாய். "மரம் போகாது மகன், அது நிக்கும்" என்றேன். நீ நம்பவில்லை. நாங்கள் பார்க்கும்போது நிற்கிறது, பார்க்காதபோது நடக்கிறது என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகிற வழியெல்லாம் என் தோளில் பின்பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு மரங்களைக் காவல் காத்தாய். வீட்டுக்கு வந்த பிறகும், காடு இப்போது எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் சில நாள் மத்தியானத் தூக்கத்தில் அந்த மரங்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாவியைக் கடந்து போவது தெரியும். உயிரியல் படிப்பிக்கிற டீச்சர் காணக்கூடாத கனவுதான்.

அறிக்கைக்கு வேண்டியதையும் இதற்குள்ளேயே சொல்லிவிடுகிறேன். மாரி மழையில் கண்டல் காய் விழும். மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, காலம் வந்ததும் தாயை விட்டுவிட்டுத் தண்ணீரில் விழுகிற காய். சில காய்கள் மரத்தடிச் சேற்றிலேயே குத்தி நிற்கும். மற்றவை மிதந்து போகும். போகிறவற்றைப் பிள்ளைகள் பொறுக்கி வந்து நாற்றுமேடையில் வளர்ப்பார்கள். வாவி கடலில் சேரும் ஆற்றுவாயை வெட்டி, வாவி இறங்கி, கரை வெளியே தெரியத் தொடங்கும் மாசியில் கண்டல் வாரம். முதல் நாள் நெகிழியும் கிழிந்த வலையும் பொறுக்குவது. மறுநாள் அயலூர்ப் பள்ளிப் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காட்டுவது. பிறகு இறாலும் நண்டும் எங்கே குஞ்சு வளர்க்கின்றன என்று மீன்பிடிக் குடும்பங்களோடு பேசுவது. அவர்களுக்குத் தெரிந்ததை அவர்களிடமே சொல்லிக் கொட்டாவியை வாங்கிக்கொண்ட வருஷங்களும் உண்டு. கடைசி நாள் நடுகை. இந்த ஆண்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தோணி வலிக்க ஆளாய் நீ இருந்தாய். அடுத்த மாசிக்கு யாரைப் பிடிப்பதோ தெரியாது.

இந்தக் கரையில் நட இடமில்லாமல் போனபோதுதான் எனக்குப் பேராசை வந்தது. எதிர்க்கரையில் ஒரு சேற்றுத்திட்டு கண்ணில் பட்டது. பிரதேச அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கரையோரம் கண்டலும் அதற்கு மேலே கண்ணா மரமும் நட்டோம். கண்ணா இலை மாட்டுக்குப் பிடிக்குமே, வேலி வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். அன்று கல்லூரி வேலியைக் கத்தரித்த நாள். வெட்டிப்போட்ட கிளிசறியாக் கிளைகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய், இலையும் தளிருமாக, அழகாக வேலி கட்டினோம். நான் நின்று படமும் எடுத்தேன். கிளிசறியா இலை எருமைக்குப் பாயாசம் என்று ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. அந்தக் கிழமையே எருமைகள் வந்து முதலில் வேலியைத் தின்றன, மறுகா நாற்றைத் தின்றன, மிச்சத்தை மிதித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிக் குளித்தன. நான் போய்க் கத்தியபோது பட்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நீங்க வேலி கட்டல்ல டீச்சர், விருந்து வெச்சிரிக்கீங்க."

அந்தப் பட்டிக்காரர்தான் இன்றைக்கு உன் மாமனார். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கம்பி, முள், வலை என்று மாற்றி மாற்றிக் கட்டினோம். கோடையில் புல் கருகியதும் அவருடைய எருமைகள் வந்து தின்றுவிட்டுப் போயின. என் கோபத்தை நம்ப முடியாததால் நான் மறுபடி போகவில்லை. "நீ போய்ப் பதமாப் பேசிட்டு வா மனே" என்று உன்னை அனுப்பினேன். நீ போனாய். பதிலைக் கொண்டுவரவில்லை, ஒரு சட்டி தயிரைக் கொண்டுவந்தாய். இன்னொரு முறை அனுப்பினேன். இன்னொரு சட்டி தயிர். நம் வீட்டில் தயிர்ச்சட்டி சேர்ந்துகொண்டே வந்தது, எருமை நின்றபாடில்லை. வெறுஞ்சட்டிகளை வீசுவானேன் என்று அடியில் துளைபோட்டுக் கண்டல் நாற்று வைத்தேன். ஒருநாள் நான் அனுப்பாமலே நீ தயிரோடு வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. "சட்டி நிரப்பித் தாற ஆர்?" என்று கேட்டேன். நீ நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாய். எருமையை மறிக்கப் போனவனைப் பட்டியே மறித்துக்கொண்டது என்று கல்லூரியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். நிரோசாவைப் பார்த்த பிறகு வாய்விட்டே சிரித்தேன். பாலர் பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. கேள்வி கேட்டால் நேரே முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளை. எனக்குப் பிடித்துப்போனது.

இனி அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். நடுகை முடிந்து, சேற்றுக்காலோடு எல்லோரும் மைதானத்தில் கூடியிருந்தார்கள். முன்வரிசைக் கதிரையில் உன் மாமனாரும் மாமியாரும் நிரோசாவும். சம்பந்தி வீட்டாரை முதல்தரம் கல்லூரிக்கு அழைத்த பெருமை எனக்கு. அந்தப் பெருமை மைக்கில் ஏறிக்கொண்டது. "எங்கட மகன் இனி அந்தக் கரை ஆள். இனி எருமைக்கு அவன் பொறுப்பு. ஒரு நாத்தும் போகாது. என்ன மகன், வாக்குத் தாறியா?" என்று கேட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். உன் மாமனார் சிரிக்கவில்லை. நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம் அம்மா" என்றாய். பிறகு எழுந்துபோய், பிள்ளைகள் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த மண்வெட்டிகளைக் கிணற்றடியில் போட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கழுவினாய். மைக்கைக் கீழே வைத்துவிட்டு உன் முதுகைப் பார்த்தேன். அந்த முதுகை நான் முன்னமே பார்த்திருக்கிறேன்.

உன் அப்பா களுவாஞ்சிக்குடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். கலியாணம் முடிந்த புதிதில் அவருடைய அண்ணன் விருந்துக்கு வந்தார். தோணி கட்ட மரம் தேடிக்கொண்டிருந்தவர், எங்கள் வளவில் நின்ற பெரிய வேம்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, சபையில் வைத்து, "தம்பி ஒரு சொல்லுச் சொன்னா மாமா தருவார்தானே?" என்றார். உன் தாத்தாவின் கை சோற்றில் நின்றுபோனது. உன் அப்பா எழுந்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர், பொழுது சாயும்வரை தண்ணீர் அள்ளி, வளவிலிருந்த தென்னைகளுக்கெல்லாம் ஊற்றினார். அதற்கு முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. ஒரு சொல் சொல்வதற்கு இந்த மனிதனுக்கு என்ன பஞ்சம் என்று நான் கோபப்பட்டேன். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கிறவனுக்கு வாயை ஆர் குடுத்த?" என்றார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. நான் என் வீட்டிலேயே பிறந்து, என் வீட்டிலேயே வாழ்கிறவள். நடுவில் நிற்பது என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் போய்ச் சேர்ந்து இத்தனை காலத்துக்குப் பிறகு, நீ மண்வெட்டி கழுவியபோதுதான் விளங்கியது. அவருடைய அண்ணன் செய்ததை நானும் செய்துவிட்டேன்.

நீ எனக்காக எருமையை விரட்டினால் அந்த வீட்டில் நீ டீச்சருடைய ஆள். விரட்டாவிட்டால் இங்கே வாக்குத் தவறிய மகன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிற சந்துக்குள் உன்னை நிறுத்திவிட்டு, நான் கைதட்டு வாங்கினேன்.

அதற்கடுத்த கிழமை உன் மாமனார் கல்லூரிக்கு வந்தார். உனக்கு இது தெரியாது. சொல்லவேண்டாம் என்று நிரோசாதான் கேட்டாள். இப்போது சொல்லலாம் என்றும் அவளே சொல்லிவிட்டாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "டீச்சர், எங்கட புள்ளைக்கு நீங்க என்ன படிப்பிச்சீங்க?" என்றார். கலியாணத்துக்கு வீட்டோடு மேட்டு வயல் வட்டையில் நல்ல விளைநிலமாகத் தருவதற்கு அவர் நினைத்திருந்தாராம். அவள் அதில் ஒரு துண்டு குறைத்துக்கொண்டு, வாவியோரம் உப்பேறித் தரிசாய்க் கிடக்கிற உவர் நிலத்தைத் தன் பெயருக்குக் கேட்டாளாம். "வயல் தாறன் எண்டா உவர் கேக்குறாள் டீச்சர். ஊரே சிரிக்கிது. என்னத்துக்குகா புள்ள எண்டு கேட்டா, அவர் வாக்குக் குடுத்திட்டார், அங்க கண்டல் நடுவம், அவர்ர வாக்கு என்ட வளவுக்குள்ள இரிக்கட்டும் எங்கிறாள்." அவர் சொன்னபோது குரலில் கோபம் பாதி, பெருமை பாதி. எனக்கு அழுகை வந்துவிட்டது, மகன். மறைக்கவில்லை, அவர் முன்னாலேயே அழுதேன். நான் உன் கழுத்தில் கட்டிய கல்லை அந்தப் பிள்ளை சத்தமில்லாமல் அவிழ்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அழுகை முடிந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் உண்மையாகவே சண்டை பிடித்தோம். அது நல்ல சண்டை. அந்த உவர் நிலத்துக்குப் பக்கத்தால் வந்து, எங்கள் சேற்றுத்திட்டின் நடுவால்தான் எருமைகள் தண்ணீருக்கு இறங்கும். சுட்டி என்று ஒரு கிழட்டு எருமை முன்னால் போகும். மற்றதெல்லாம் அதன் வாலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகும். "பாதையை மாத்துங்க" என்றேன். "சுட்டிக்கு நீங்க சொல்லிப் பாருங்க டீச்சர்" என்றார். நாங்கள் நட்டது அவற்றின் துறையில், வாசற்படியில். அதை முதல் வருஷமே அவர் கையைக் காட்டிச் சொன்னாராம். நான் கத்திய கத்தலில் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். துறையை நான் விடுகிறேன், திட்டின் நடுப்பகுதி முழுவதும் எருமைக்கு. இரண்டு பக்கமும் நாற்று, ஒரு பக்கம் நிரோசாவின் உவர் நிலத்துக்குள்ளும் ஏறிப்போகும். கோடையில் அவர் மேட்டிலே வைக்கோல் போடுவார், வயிறு நிரம்பித்தான் பட்டி இறங்கும். நடுப்பகுதியை விட எனக்கு மனமே வரவில்லை. அங்கே ஒரு கண்டல், எப்படியோ தப்பி, என் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. சுட்டி அதில் முதுகு சொறிகிறதாம். நிற்கிற மட்டும் நிற்கட்டும்.

ஆகவே, மகன், உன் வாக்கை உனக்கே திருப்பித் தருகிறேன். எருமை நாற்றைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் நீ எனக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. கோடையில் ஒரு வரிசை போனால் நான் மாமனாரோடு சண்டை பிடிப்பேன், அவர் என்னோடு பிடிப்பார். நாங்கள் இரண்டு பேரும் கிழடுகள், எங்களுக்கும் பொழுது போகவேண்டும். நீ நடுவில் வராதே. அந்த வீட்டில் கிணற்றடிக்குப் போக நேர்ந்தால் குளிக்கிறதற்குப் போ. பேச முடியாததைக் கழுவுகிறதற்குப் போகாதே. உன் அப்பாவிடம் எனக்கிருந்த ஒரே மனக்குறை அதுதான், அதை நீயும் கொண்டுபோகவேண்டாம். மனசில் உள்ளதை நிரோசாவிடம் சொல். அவள் கேட்பாள். வைக்கோல் போடுகிறபோது கூடப் போ. பட்டியில் நிற்கிற மாட்டையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் எருமைக்கும் அது பொருந்தும் என்று இப்போது நம்புகிறேன்.

என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம். வீடு பெரிதாய்த்தான் தெரியும். மகளில்லாத வீட்டுக்கு மருமகனும் வரமாட்டான், வேம்பும் நானும்தான். ஆனால் இங்கே காடு இருக்கிறது, வருஷா வருஷம் புதிய பிள்ளைகள் சேற்றில் சப்பாத்தைத் தொலைத்துவிட்டு அழுவார்கள், அவர்களைத் தேற்றவேண்டும். அந்தியில் பாலத்து முனைக்கு வருவேன். சூரியன் உன் பக்கத்தில்தான் இறங்கும். அது காலையில் உன் முற்றத்துக்கு வரும்போது என் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். ஒரே வெயிலை முன்னும் பின்னுமாக வைத்துக்கொள்வோம்.

கலியாணத்தன்று மற்றத் தட்டுகளோடு உன் தயிர்ச்சட்டிகளும் வரும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது உனக்குத் தெரியும்தானே. ஒவ்வொன்றிலும் ஒரு கண்டல், இரண்டு மூன்று இலை விட்டுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சேறு கொண்டுவருகிறார்கள் என்று கொக்கட்டிச்சோலையே சிரிக்கும். சிரிக்கட்டும். தட்டுகளை எல்லோரும் வேனில் ஏற்றி, வாவிக்கு மேலே போகிற பெரிய பாலத்தால் கொண்டுபோகட்டும். சட்டிகளைத் தோணியில் வைத்து நானே கூட்டிக்கொண்டு வருவேன். கடக்கிற வழியெல்லாம் முகத்தைப் பின்பக்கமாக வைத்துக்கொண்டு இந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன், உன்னைப்போல.

நாலு வயதில் நீ கேட்ட கேள்விக்கு அன்று பிழையான பதில் சொன்னேன். மரம் போகும், மகன். பெற்ற மரத்தடியிலேயே எல்லாக் காயும் குத்தி நின்றால் வாவிக்கு ஒரு கரைதான் பச்சையாயிருக்கும். அது மெதுவாய்ப் போகும், நாங்கள் பார்க்காதபோது போகும், அக்கரைக்குத்தான் போகும். நீயும் போ. போய் நன்றாய் ஊன்றி நில். எருமைக்கு மட்டும் வழி விடு.

அம்மா